கேஷுவாலிட்டி டீமுக்கு மார்க் போடுவது எப்படி?

நைட்_சிஸ்டர்:
அரசு மருத்துவமனை ஒன்றின் கேஷுவாலிட்டியில் ஸ்டாஃப் நர்ஸ் நான். டீம் ஒர்க்கை மாதாமாதம் மதிப்பிட்டுத் தரச் சொல்கிறார்கள். படிவத்தில் ஒரே வரிதான்: 'ஒத்துழைப்பு: நன்று / சுமார் / மோசம்'. எல்லாரும் 'நன்று'. போன வாரம் ஒருவருக்கு சி.பி.ஆர். (நின்றுபோன இதயத்தை மீட்கும் சிகிச்சை) நடக்கும்போது டியூட்டி டாக்டர் மானிட்டரைப் பார்த்தபடியே "அட்ரினலின் போடுங்க" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியாமல் நானும் இன்னொரு சிஸ்டரும் ஆளுக்கொரு ஆம்பியூலை (ஊசி மருந்துக் குப்பியை) உடைத்துவிட்டோம். நல்லவேளை, ஒன்றுதான் உள்ளே போனது. அந்த மாதப் படிவத்திலும் 'நன்று'தான், நானே டிக் அடித்தேன். இதை ஒழுங்காக அளக்க வழி உண்டா?

எமர்ஜென்சி_டாக்டர்:
உண்டு சிஸ்டர். ஆஸ்திரேலியாவில் சைமன் கூப்பர் குழுவினர் 2010இல் வெளியிட்ட 'டீம்' அளவுகோலைப் பாருங்கள். தலைமை, குழுப்பணி, வேலைகளைக் கையாளும் விதம் என்று 11 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. கடைசியில் மொத்தத்துக்கு 10க்கு ஒரு மார்க். ஆக 54. தலைவர் யாருக்கு என்ன வேலை என்று சொன்னாரா, டீம் பதறாமல் இருந்ததா, அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே யோசித்ததா என்றுதான் கேட்கும். உங்கள் ஆம்பியூல் கதையில் முதல் கேள்வியிலேயே மார்க் போய்விடும். பெயர் சொல்லி, "அட்ரினலின் 1 மி.கி." என்று சொல்ல வேண்டும், கேட்டவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும், போட்டதும் நேரத்தோடு அறிவிக்க வேண்டும். அடுத்த டோஸ் 3 முதல் 5 நிமிடத்தில் என்பதால் அந்த நேரம் முக்கியம்.

ரிட்டயர்டு_ஹெட்நர்ஸ்:
அதெல்லாம் சரிம்மா, அந்தத் தாள் யார் மேஜைக்குப் போகிறது? அதே டாக்டர் கையெழுத்துப் போடுவதென்றால் 54க்கு 54தான் வரும். மார்க் டீமுக்கு, ஆளுக்கு இல்லை என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்.

ஹவுஸ்_சர்ஜன்:
ராத்திரியில் ஊசி போடவே ஆள் இல்லை, ஓரமாக நின்று மார்க் போட யார் வருவார்?

எமர்ஜென்சி_டாக்டர்:
நியாயம். பொம்மையை வைத்து மாக் டிரில்லில் ஆரம்பியுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக மார்க் போட்டு, எங்கே ஒத்துப்போகவில்லையோ அதை மட்டும் பேசுங்கள்.

நைட்_சிஸ்டர்:
ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தோம். தகவல் பரிமாற்றக் கேள்விக்கு நான் 3 போட்டேன், வெளியே நின்று பார்த்த சிஸ்டர் 1. ஏன் என்று கேட்டால், "டோஸைத் திருப்பிச் சொன்னேன் என்கிறீர்கள், வாயே அசையவில்லையே அக்கா" என்கிறாள். மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன் போல.