மஞ்சிட்டியில் சிவப்பு வரவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். இரண்டு வருடமாகப் பெட்டி ராட்டையில் பருத்தி நூற்கிறேன். பஞ்சுப் பட்டையிலிருந்து இழை விரல் நுனியில் முறுக்கேறி நீளும் அந்த நிறைவு வேறெதிலும் இல்லை. அவுரி இலையின் நீலச் சாயமும் கைவந்துவிட்டது. தொட்டியிலிருந்து பச்சையாக எழும் சிட்டம் (நூல் கட்டு) காற்றுப் பட்டு, கண்ணெதிரே நீலமாவதைப் பார்க்க அலுக்கவே இல்லை!

சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேர்தான் ஏமாற்றுகிறது. 100 கிராம் நூலைக் கடுக்காய்க் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து, 15 கிராம் படிகாரம் ஏற்றி, 50 கிராம் மஞ்சிட்டித் தூளோடு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். செங்கல் சிவப்புக்குப் பதில் மங்கிய பழுப்புதான் வந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் வாளியே துருக்கறை பிடிக்கும். கடுக்காயோடு இரும்பு சேர்ந்தால் கறுக்கும் என்பதால் தண்ணீர் மேல்தான் என் சந்தேகம். அல்லது சூடு அதிகமாகிவிட்டதா?

அடுத்த சிட்டம் அம்மாவுக்குச் சால்வை பின்ன நூற்றது. மழைநீரில் மஞ்சிட்டிச் சாயமேற்றியவர்கள் அளவையும் சூட்டையும் தயவுசெய்து சொல்லுங்கள்.