ஸ்விஃப்டுக்கு 95 போடணுமா, சாதா பெட்ரோலே போதுமா? கொடைக்கானல் ஏற்றத்தில் இன்ஜின் தட்டுது

திருமங்கலத்தான்:
வணக்கம். வண்டி 2019 ஸ்விஃப்ட், பெட்ரோல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாங்கினதிலிருந்து சாதா பெட்ரோல்தான், அதாவது 91 ஆக்டேன். ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. போன மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போனோம். ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி வேறு. வத்தலக்குண்டு தாண்டி காமக்காபட்டி செக்போஸ்டுக்கு மேலே ஏற ஆரம்பித்ததும், ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜினில் கிணிகிணி என்று ஒரு சத்தம். காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. விசித்திரம் என்னவென்றால், பெருமாள்மலைப் பக்கம் போகப் போக அதுவாகவே குறைந்துவிட்டது.

95 ஆக்டேன் போட்டால் சத்தமும் போகும், பிக்கப்பும் மைலேஜும் கூடும் என்கிறான் மச்சான். பங்க்கில் நிற்கிற பையனும் போகும்போதெல்லாம் "பவர் போடவா சார்?" என்று கேட்கிறான். லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் அதிகம். அமெரிக்காவில் இருக்கிற சித்தப்பா மகனோ, அங்கே எல்லாரும் 87தான் போடுகிறோம், உங்கள் 91க்கு என்ன குறைச்சல் என்று சிரிக்கிறான். இதில் யார் சொல்வதைக் கேட்பது?

கரிப்பிளக்:
தம்பி, முதலில் பெட்ரோல் மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள், அங்கே ஒன்றும் இல்லையென்றால் வண்டியோடு கொடுத்த புத்தகத்தைப் புரட்டுங்கள். குறைந்தபட்சம் 91 என்றுதான் போட்டிருக்கும். உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே முடிந்தது.

ஆக்டேன் கூடினால் பெட்ரோலில் சக்தி கூடும் என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. பிஸ்டன் மேலே வந்து காற்றையும் பெட்ரோலையும் அழுத்தும்போது, பிளக் பொறி கொடுத்த இடத்திலிருந்து தீ ஒழுங்காகப் பரவ வேண்டும். அது பரவி வருவதற்குள் மூலையில் மிச்சம் இருக்கிற கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடித்தால் அதுதான் நாக்கிங், நீங்கள் கேட்ட கிணிகிணி. அப்படித் தானாக வெடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதற்கான அளவுதான் ஆக்டேன் எண். பழைய மாருதி 800இல் கம்ப்ரெஷன் விகிதம், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்கிற கணக்கு, 9ஐக்கூடத் தொடாது, உங்கள் ஸ்விஃப்டில் 11ஐ ஒட்டி வரும். அமுக்கம் கூடினால் நாக்கிங் வாய்ப்பும் கூடும். அதனால் இன்றைக்கு இருக்கிற வண்டிகளுக்கு ஆக்டேன் முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 91ஐ நம்பி டியூன் செய்த இன்ஜினுக்கு 95 ஊற்றுவது தலைவலி இல்லாதவன் மாத்திரை தின்ற கதை.

இப்போது உங்கள் சத்தத்துக்கு வருவோம். மிதித்தால் வருகிறது, காலை எடுத்தால் போகிறது என்றால் அது நாக்கிங்தான், டேப்பெட் (வால்வைத் தள்ளுகிற பாகம்) சத்தமாக இருந்தால் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும். மேலே போகப் போகக் குறைந்ததிலும் விசித்திரம் ஒன்றும் இல்லை. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், மேலே காற்று லேசு, சிலிண்டருக்குள் போகிற காற்று குறைந்தால் அழுத்தமும் குறையும், குளிர்ச்சி வேறு. அடிவாரத்தில் மதுரை வெயில் அளவுக்கு வெயில், கனத்த காற்று, முழு லோடு, எல்லாம் சேர்ந்துதான் அங்கே தட்டியிருக்கிறது.

நிச்சயம் மூன்றாவது கியரிலோ நான்காவதிலோ இழுத்துப் பிடித்து ஏறியிருப்பீர்கள். கியரை இறக்குங்கள், இன்ஜின் கொஞ்சம் சுற்றட்டும், பயப்பட வேண்டாம். அப்புறம் பிளக், ஏர் ஃபில்டர் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டி, முன்னால் வைத்திருந்தவர் ஊருக்குள்ளேயே உருட்டியிருந்தால் பிஸ்டன் தலையில் கரி பிடித்திருக்கும். கரி இருந்தால் இடம் குறையும், அழுத்தம் கூடும், கரியே சூடாகி நெருப்பும் வைக்கும்.

டர்போமாப்ள:
அண்ணன் சொன்னது ஸ்விஃப்டுக்குச் சரி, எல்லா வண்டிக்கும் சொல்லிவிட முடியாது. டர்போ பெட்ரோல் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு 91 போதும் என்று போய்விடக் கூடாது. டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் நாக்கிங் வாய்ப்பு அதிகம். இன்ஜின் பிளாக்கில் நாக் சென்சார் என்று ஒன்று இருக்கும், தட்டுவது கேட்டதும் கம்ப்யூட்டர் பொறி கொடுக்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடும். வண்டிக்கு ஆபத்து இல்லை, ஆனால் இழுவை குறையும். சில டர்போ வண்டிப் புத்தகங்களில் குறைந்தபட்சம் 91, பரிந்துரை 95 என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள். அந்த மாதிரி வண்டிக்கு 95 போட்டால் உண்மையாகவே வித்தியாசம் தெரியும். நான் வைத்திருப்பது அப்படி ஒன்று. போடிமெட்டு ஏறும்போது 95தான், மாட்டுத்தாவணிக்கும் காளவாசலுக்கும் நடுவில் டிராஃபிக்கில் நிற்கிறதுக்கு சாதா போதும். டேங்கில் இரண்டும் கலந்தால் ஒன்றும் ஆகாது, பாதி 91 பாதி 95 என்றால் 93 பக்கம் வரும், அவ்வளவுதான்.

கடல்கடந்தவன்:
சித்தப்பா மகனிடம் சொல்லுங்கள், அவருடைய 87உம் நம்ம 91உம் கிட்டத்தட்ட ஒரே சரக்கு. இந்தியாவில் பங்க்கில் போடுவது ஆர்ஓஎன் என்கிற எண். அமெரிக்காவில் ஆர்ஓஎன், எம்ஓஎன் என்று இரண்டு சோதனை எண்களையும் கூட்டிப் பாதியாக்கி எழுதுகிறார்கள். எம்ஓஎன் சோதனை கடுமையானது, அதில் எண் எட்டு பத்து குறைந்துதான் வரும், அதனால் சராசரி 87இல் வந்து நிற்கிறது. இதோடு நீங்கள் கேட்ட மலைச் சமாச்சாரமும் பொருந்தும்: கொலராடோ மாதிரி மேட்டுப் பகுதியில் 85 என்றே ஒரு பெட்ரோல் விற்கிறார்கள், பெருமாள்மலையில் சத்தம் குறைந்த அதே காரணம்தான்.

திருமங்கலத்தான்:
எல்லாருக்கும் நன்றி. மூடியில் ஒன்றும் இல்லை, புத்தகத்தில் 91 என்றே இருக்கிறது. கரிப்பிளக் அண்ணே, மூன்றாவது கியர் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! பிளக்கைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், நுனி கறுத்துப் போயிருக்கிறது, மாற்றிவிடலாம் என்றார், மாற்றியாகிவிட்டது. அடுத்த தடவை மலை ஏறும்போது சொல்கிறேன். இன்னொரு சந்தேகம். இப்போது எங்கே பார்த்தாலும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் என்கிறார்கள். என்னுடையது 2019 வண்டி. எத்தனாலுக்குப் பயந்து 100 ஆக்டேன் தேடிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தேவையா?

கரிப்பிளக்:
மூன்றாவது கியரில் மலை ஏறாத மதுரைக்காரன் யாரு தம்பி.

எத்தனாலையும் ஆக்டேனையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எத்தனாலுக்கு ஆக்டேன் 108ஐ ஒட்டி இருக்கிறது, அதைக் கலந்தால் ஆக்டேன் ஏறத்தான் செய்யும். 20 சதவீதம் கலந்த சாதா பெட்ரோலே 95ஐ நெருங்குகிறது என்றுதான் பெட்ரோலிய அமைச்சகமும் சொல்கிறது. அதாவது நாக்கிங்குக்காக மட்டும் ஏழெட்டு ரூபாய் கூடக் கொடுத்து 95 போட வேண்டிய காரணம் முன்பைவிடக் குறைந்துவிட்டது. கூடக் கொடுக்கிற காசில் இன்ஜினைச் சுத்தம் செய்கிற மருந்து கொஞ்சம் கிடைக்கும், அது வேண்டும் என்றால் எப்போதாவது ஒரு டேங்க் போடுங்கள்.

எத்தனாலில் உள்ள சங்கடம் வேறு. ஒரு லிட்டரில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் எத்தனால் 10 சதவீதத்திலிருந்து 20க்குப் போகும்போது மைலேஜ் மூன்று சதவீதம் போலக் குறையும். உங்கள் மச்சான் எதை ஊற்றினாலும் அது திரும்ப வராது. பழைய வண்டியில் ரப்பர் குழாய், வாஷர் இதெல்லாம் இளகலாம். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் அதற்கு ஏற்ற பொருளைப் போட்டு விட்டார்கள். உங்களுடையது அதற்கு முந்தியது, சர்வீஸில் விடும்போது பெட்ரோல் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள், அது போதும்.

100 ஆக்டேன் 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் கொண்டுவந்தபோதே டெல்லியில் லிட்டர் 160 ரூபாய், அப்போது சாதா விலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரிய ஸ்போர்ட்ஸ் வண்டிக்காரர்களுக்கானது. ஸ்விஃப்டுக்கு அதை ஊற்றினால் இன்ஜினுக்குத் தெரியவே தெரியாது, பர்ஸுக்கு மட்டும் தெரியும்.

வைகைக்கரை:
எண்ணைவிட பங்க்கைப் பாருங்கள் என்பேன் நான். ஐப்பசி மழையில் நிலத்தடித் தொட்டிக்குள் தண்ணீர் இறங்கினால் எத்தனால் அதை இழுத்துக்கொண்டு அடியில் தனியாகப் படிந்துவிடும், மேலே நிற்கிற பெட்ரோலுக்கு ஆக்டேனும் போய்விடும். அந்தச் சரக்கில் 91 என்ன, 95 என்ன? வண்டி நிற்காமல் வந்துபோகிற பங்க்காகப் பார்த்துப் போடுங்கள். ஊருக்கு வெளியே ஆள் வராத பங்க்கில் விலை கூடின பெட்ரோல் மாசக்கணக்கில் தேங்கியும் கிடக்கும். சந்தேகம் வந்தால் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள், ஒரு சொட்டு விட்டுக் காய்ந்தபின் கறை தங்கினால் கலப்படம். அடர்த்தியும் பார்க்கலாம், முத்திரை போட்ட ஐந்து லிட்டர் கேனில் அளந்தும் காட்டச் சொல்லலாம். கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

டர்போமாப்ள:
கேளுங்கள், ஆனால் காலை ஒன்பது மணிக்கு கோரிப்பாளையத்தில் கேட்காதீர்கள், பின்னால் நிற்கிற பைக்காரர்கள் உங்களை அளந்துவிடுவார்கள்.