1935 வகுப்புப் படம்: 14 முகங்களைப் பற்றி எழுத எங்கே தொடங்குவது?

கோதுமைக்காட்டுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது அமெரிக்காவில், கன்சாஸ் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் ஒரு சின்ன ஊர். டாட்ஜ் சிட்டிக்குப் போகவே காரில் ஒன்றரை மணி நேரம் ஆகும். கணவர் இங்கே டாக்டர். விசா நிபந்தனைக்காக 3 வருடம் இருந்துவிட்டுக் கிளம்பலாம் என்று வந்தோம், 9 வருடம் ஓடிவிட்டது. நான் வாரத்தில் 2 நாள் ஊர் மியூசியத்தில் உட்காருகிறேன். மியூசியம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு அறை, ஒரு தையல் மெஷின், ஒரு கலப்பை, சுவர் முழுக்க முள்கம்பித் துண்டுகள். (முள்கம்பியை இவ்வளவு ஆசையாக ஏன் சேர்க்கிறார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.)

பழைய ஹைஸ்கூல் கட்டடத்தை இடித்தபோது அதன் சுவரில் தொங்கிய வகுப்புப் படங்களை எங்களிடம் கொண்டுவந்து போட்டார்கள். வருடத்துக்கு ஒரு படம். முட்டை வடிவக் கட்டங்களுக்குள் ஒவ்வொரு முகம், கீழே பெயர், நடுவில் பிரின்சிபால். அதில் 1935 படத்தைத் தூக்கி என் மேஜையில் வைத்து, "இவர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுது, மே கடைசியில் பழைய மாணவர் விருந்துக்கு வைக்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள். 8 பெண்கள், 6 பையன்கள்.

அந்த வருடம் ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை அடித்த புழுதிப்புயலை இந்தப் பக்கம் இன்னமும் 'கறுப்பு ஞாயிறு' என்றுதான் சொல்கிறார்கள். பட்டப்பகலில் கை தெரியாத இருட்டு. இந்த 14 பேரும் அடுத்த மாதம் டிப்ளமா வாங்கியிருக்கிறார்கள்.

என் சிக்கல் இதுதான். காசில்லாமல் அந்த வருடம் இயர்புக் (பள்ளி ஆண்டு மலர்) அச்சடிக்கவில்லை. இருப்பது பெயர்கள் மட்டுமே. இருந்தாலும் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். 1920-களில் ஒரு டாலருக்கு மேல் விற்ற ஒரு புஷல் (சுமார் 27 கிலோ) கோதுமை 1932-இல் 40 சென்ட்டுக்கும் கீழே போனது, ஜன்னல்களில் ஈரத்துணி தொங்கவிட்டார்கள், செஞ்சிலுவைச் சங்கம் முகமூடி கொடுத்தது என்றெல்லாம். எல்லாம் உண்மைதான். ஆனால் படித்துப் பார்த்தால் பக்கத்து ஊர்ப் படத்துக்குக் கீழேயும் அதையே ஒட்டலாம். மூன்றாவது வரிசை ஓரத்தில் கண்ணாடி போட்ட ஒரு பையன் கழுத்துப்பட்டையைக் கோணலாகக் கட்டிக்கொண்டு இருக்கிறான். அவனைப் பற்றி ஒரு வரிகூட என்னிடம் இல்லை. எங்கே தேடுவது?

பழைய நூலகர்:

அம்மா, நெப்ராஸ்காவில் 26 வருடம் நூலகத்தில் வேலை பார்த்தவன் நான். கோதுமை விலையை ஓரமாக வையுங்கள். முதலில் ஊர் வாரப் பத்திரிகை. மே 1935 இதழ்களில் வகுப்பின் வாசகம், வகுப்புக்கென்று ஒரு பூ, ஒரு நிறம், முதல் மாணவர் யார், சீனியர் (கடைசி வருட மாணவர்) நாடகத்தில் யாருக்கு என்ன வேஷம், எல்லாம் இருக்கும். கன்சாஸ் வரலாற்றுச் சங்கத்தை 1875-இல் தொடங்கியதே பத்திரிகைக்காரர்கள்தான். அதனால் குட்டி ஊர்களின் பத்திரிகைகளைக்கூட மாநிலத் தலைநகர் டொபீகாவில் மைக்ரோஃபிலிமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தலைப்புச் செய்தியை விடுங்கள். இன்னார் வீட்டுக்கு இன்னார் ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்தார் என்று பொடி எழுத்தில் போடுவார்களே, அதைப் படியுங்கள்.

இரண்டாவது, 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 72 வருடம் பூட்டி வைத்து 2012-இல் திறந்துவிட்டார்கள், இலவசமாகவே பார்க்கலாம். உங்களுக்கென்றே செய்தது போல அதில் ஒரு கேள்வி உண்டு: "1935 ஏப்ரல் 1 அன்று எங்கே குடியிருந்தீர்கள்?" உங்கள் கறுப்பு ஞாயிற்றுக்கு 13 நாள் முந்தி! 2,500 பேருக்குக் குறைவான ஊர் என்றால் ஊர்ப் பெயர் எழுத மாட்டார்கள், 'ஆர்' (ரூரல், கிராமப்புறம்) என்று ஒற்றை எழுத்துதான். ஆனால் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) பெயர் இருக்கும், பண்ணையில் இருந்தார்களா என்றும் இருக்கும். எவ்வளவு படித்தார்கள் என்று கேட்டதும் அந்தக் கணக்கெடுப்பில்தான் முதல் தடவை. 'எச்-4' என்றிருந்தால் ஹைஸ்கூல் 4 வருடமும் முடித்தவர்.

பையன்களுக்கு இன்னொரு வழி. 1940 அக்டோபர் 16 அன்று 21 முதல் 35 வயது வரை உள்ள ஆண்கள் எல்லோரும் ராணுவத்துக்குப் பதிய வேண்டியிருந்தது. அந்த அட்டையில் உயரம், கண் நிறம், எங்கே வேலை, முகவரி எப்போதும் தெரிந்திருக்கக்கூடிய ஒருவர் பெயர், இவ்வளவும் உண்டு. கண்ணாடிப் பையன் அதில் மாட்டுவான்.

பெண்கள்தான் கஷ்டம், கல்யாணத்தோடு குடும்பப் பெயர் போய்விடும். ஆனால் கன்சாஸ் ஹைஸ்கூல்கள் பலவற்றில் ஆசிரியப் பயிற்சியும் ஒரு பாடப்பிரிவாக இருந்தது. அதை முடித்த பெண் 18 வயதிலேயே ஓரறைப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகிவிடலாம். கவுண்டி கல்வி அதிகாரியின் பழைய ஆசிரியர் பட்டியல் கிடைக்கிறதா என்று நீதிமன்றக் கட்டடத்தில் கேளுங்கள். பெரும்பாலும் கீழ்த்தளத்தில் கிடக்கும்.

பன்ஹேண்டில் வாசி:

அக்கா, நான் ஒக்லஹோமா பக்கம், எல்லைக்கு இந்தப் புறம். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி 1937-இல் ஹைஸ்கூல் முடித்தவர். 2011-இல் போய்ச் சேர்ந்தார். அதற்கு முன்னால் நிறையப் பேசியிருக்கிறார், நான்தான் எழுதி வைக்கவில்லை. எனக்கு நினைவிருப்பது அங்கியின் கதை. டிப்ளமா விழாவுக்கு அங்கியை வாடகைக்கு எடுத்தார்களாம். "உள்ளே மாவு மூட்டைத் துணியில் தைத்த கவுன், மேலே பட்டு மாதிரி அங்கி, யாருக்கும் தெரியாது" என்று சிரிப்பார். சூட்டில் வேர்த்து மூட்டையின் அச்சு எழுத்து தோளில் ஒட்டிக்கொண்டதாம். இது எவ்வளவு நிஜம், எவ்வளவு கதை என்று எனக்குத் தெரியாது.

அவருடைய அண்ணன் பள்ளியைப் பாதியில் விட்டு சிசிசி (வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசு நடத்திய வேலைத் திட்டம்) முகாமுக்குப் போய்விட்டார். மாதம் 30 டாலர் சம்பளம், அதில் 25 நேரே வீட்டுக்கு வந்துவிடும். பாட்டி படிப்பை முடித்தது அந்த 25-இல்தான். விழாவுக்கு அண்ணன் வரவில்லை, கொலராடோவில் எங்கேயோ மரம் நட்டுக்கொண்டிருந்தாராம்.

வெட்டுக்கிளி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 14 பேரையே ஏன் தேடுகிறீர்கள்? அவர்கள்தான் சுவரில் இருக்கிறார்களே. 1931 செப்டம்பரில் அந்த வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்?

நாடு முழுக்கப் பார்த்தால் 1930-களின் பொருளாதார மந்தத்தில் பள்ளிப்படிப்பு கூடத்தான் செய்தது. வெளியே வேலை இல்லை, பிள்ளைகள் பள்ளியிலேயே இருந்தார்கள். 1930-இல் 17 வயதுக்காரர்களில் 100-க்கு 29 பேர் ஹைஸ்கூல் முடித்தார்கள், 1940-இல் பாதிப்பேர். உங்கள் ஊரில் எண்ணிக்கை குறைந்திருந்தால் அதுதான் விஷயம். மேலே ஒருவர் சொன்ன அண்ணன் மாதிரி ஆட்கள் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார்கள்.

கோதுமைக்காட்டுக்காரி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

நூலகர் ஐயா, சொன்னபடியே செய்தேன். ஓரறைப் பள்ளி டீச்சர்கள் இருவர் அகப்பட்டார்கள். பட்டியல் கீழ்த்தளத்தில்தான் இருந்தது, கொதிகலனுக்குப் பின்னால். சீனியர் நாடகம் புழுதியால் இரண்டு முறை தள்ளிப்போயிருக்கிறது. கடைசியில் நடந்தபோது கண்ணாடிப் பையனுக்கு போலீஸ்காரன் வேஷம். ராணுவ அட்டையும் கிடைத்தது: 5 அடி 6 அங்குலம், தானியக் கிடங்கில் வேலை, முகவரி தெரிந்தவர் என்ற இடத்தில் அம்மா பெயர். அதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

வெட்டுக்கிளி, உங்கள் மேல் முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் 1931 செப்டம்பர் பத்திரிகையைத் தேடினேன். சேர்ந்தவர்கள் 23 பேர். அதில் 12 பேர்தான் படம் வரை வந்திருக்கிறார்கள், மற்ற 2 பேர் நடுவில் வந்து சேர்ந்தவர்கள். ஆக 11 பேர் இல்லை. அவர்களில் 4 பேரை 1940 கணக்கெடுப்பில் கலிஃபோர்னியாவில் கண்டுபிடித்தேன். இரண்டு பேர் அண்ணன் தங்கை, ஒரே வீட்டில் இருக்கிறார்கள். நால்வருக்கும் 1935 முகவரியில் நம் கவுண்டி, பண்ணை 'ஆம்'. அப்படியென்றால் 35 ஏப்ரல் முதல் தேதி வரை இங்கேதான் இருந்திருக்கிறார்கள். எட்டு வாரம் பொறுத்திருந்தால் டிப்ளமா. அவர்கள் பள்ளியை எப்போது விட்டார்கள், வீட்டை எப்போது காலி செய்தார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கெடுப்புத் தாளில் வராது.

11 பெயர்களையும் தனித் தாளில் எழுதிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டலாம் என்றேன். கமிட்டியில் ஒரு பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "படிப்பை முடிக்காதவர்களை எதற்கு மாட்ட வேண்டும்?" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். சரி, விருந்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று தாளை மேஜையிலேயே விட்டு வைத்தேன்.

போன வியாழக்கிழமை 80 வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மாள் கழிவறை எங்கே என்று கேட்டு உள்ளே வந்தார். திரும்பிப் போகும்போது மேஜையில் கிடந்த தாளைப் படித்துவிட்டு நின்றார். ஏழாவது பெயரில் விரலை வைத்தார். அவருடைய சித்தப்பாவாம். ஹைஸ்கூல் வாசலை மிதித்ததாகவே அவர் வீட்டில் சொன்னதில்லையாம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பத்திரிகையில் பெயரைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள், கடைசியில் ஓர் 'ஈ' வர வேண்டும் என்று அவரே எழுதிச் சேர்த்துவிட்டுப் போனார்.

தாளைச் சுவரில் மாட்டிவிட்டேன். கமிட்டி கூட்டம் அடுத்த செவ்வாய்.