கருப்பட்டி போட்டு பீர் காய்ச்சியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லண்டன், ஈஸ்ட்ஹாமிலிருந்து:

வீட்டிலேயே பீர் காய்ச்சுவது எனக்குச் சில வருஷப் பழக்கம். பிரிட்டனில் 1963-லிருந்து சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச உரிமம் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அடுப்பு மூட்ட வேண்டாம். தமிழ்நாட்டில் 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இதற்கு இடம் கொடுப்பதில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: கருப்பட்டி போட்டால் பீர் இனிக்குமா? இனிக்காது. கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ். ஈஸ்ட் அதை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்து மிச்சமில்லாமல் தின்றுவிடும். முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டில் இருந்து வரும் டெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள் ஈஸ்ட்டுக்குச் செரிக்காமல் தங்கிவிடுவதால்தான் பீருக்கு வாயில் ஒரு கனம் கிடைக்கிறது. சர்க்கரையில் அப்படி எதுவும் தங்காது. சர்க்கரை அளவு கூடக் கூடப் போதை ஏறும், பீர் மெலியும். பெல்ஜியத்தில் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். வெஸ்ட்மால் மடத்து ட்ரிப்பெல் என்ற பீரில் ஆல்கஹால் 9.5 சதவீதம், ஆனாலும் திகட்டாமல் இறங்குகிறது. அப்படி இறங்குவதில் அதில் சேரும் சர்க்கரைக்குப் பெரிய பங்கு உண்டு.

அதனால் எந்தச் சர்க்கரையை எடுத்தாலும், இனிப்புப் போன பிறகு அதில் என்ன நிற்கும் என்றுதான் நான் பார்ப்பேன். வெள்ளைச் சீனியில் ஒன்றும் நிற்காது. நல்ல தேனில்கூட பூவாசம் கொஞ்சம்தான் தங்கும். கருப்பட்டியில் புகைவாசம் நிற்கும், மெல்லிய கரிப்பு நிற்கும், அடுப்பில் கருகிய பாகின் கசப்பு நிற்கும். உடன்குடிக் கருப்பட்டி கையில் கிடைத்தால் விடாதீர்கள். சீனி கலந்த மட்டக் கருப்பட்டியை நாக்கில் வைத்தாலே தெரிந்துவிடும்: முதலில் பளிச்சென்று இனிக்கும், பின்னால் ஒன்றுமே வராது. அதைப் போடுவதற்குச் சீனியையே போடலாம்.

20 லிட்டர் பீருக்கு நான் அரைக் கிலோ கருப்பட்டி போடுவேன். நீரில் கரைந்த சர்க்கரையை அடர்த்தியாகக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் எட்டு ஒன்பது புள்ளி ஏறும், அதாவது 1.045 என்பது 1.053-ஐ ஒட்டி வரும். கட்டியாக அப்படியே சட்டியில் போடக்கூடாது, அடியில் உட்கார்ந்து தீய்ந்துவிடும். தட்டி, வெந்நீரில் கரைத்து, கொஞ்ச நேரம் தெளிய விட்டு, துணியில் வடிகட்டுங்கள். பதனீர் இறக்கும்போது அது கள்ளாகாமல் இருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவார்களே, அதன் நறநறப்பு அடியில் தங்கியிருக்கும். வடிகட்டியதை, மால்ட் சாறு கொதித்து முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது, அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றிக் கலக்கி, மறுபடி கொதிக்க விடுவேன்.

போர்ட்டர் மாதிரிக் கறுத்த பீருக்குத்தான் கருப்பட்டி பொருந்தும். கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ தூக்கலான ஐபிஏ வகை பீரில் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும்.

மசாலாவில் என் முதல் ஓட்டு கொத்தமல்லி விதைக்கு. பெல்ஜியத்தில் ஹூகார்டன் ஊரில் அழிந்துபோயிருந்த கோதுமை பீரை 1966-இல் பியர் செலிஸ் என்பவர் மீட்டெடுத்தார். அந்த பீருக்கு மல்லியும் ஆரஞ்சுத் தோலும்தான் வாசம். நம்ம ஊர் மல்லி மொராக்கோ மல்லிபோல உருண்டையாக இராது, சற்று நீளமாக இருக்கும், எலுமிச்சை மணம் கூடுதல். 20 லிட்டருக்கு 15 முதல் 20 கிராம், ஒன்றிரண்டாகத் தட்டி, கடைசி ஐந்து நிமிஷத்தில் போடுங்கள். தயவுசெய்து வறுக்காதீர்கள். வறுத்தால் சாம்பார்ப்பொடி வாசம் வந்துவிடும்.

ரொறன்ரோவிலிருந்து:

அண்ணை, இனிப்பு நிக்காது எண்டது முழு உண்மை. எனக்கு இஞ்ச கிடைக்கிறது யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி, எங்கட கருப்பட்டி, ஓலைக் குட்டானில வாறது. நான் அதை ஸ்டவுட் எண்ட கறுத்த பீருக்குத்தான் போடுறனான், கூடவே கறுவா, நீங்கள் பட்டை எண்டு சொல்லுறது. ஆனா சூப்பர் மாக்கெற்றில கறுவா எண்டு விக்கிறது கனக்க கசியா எண்ட வேற சாதி, தடிச்ச பட்டை, உறைப்புக் கூட. இலங்கைக் கறுவா மெல்லிசு, சுருட்டு மாதிரி அடுக்கடுக்காச் சுருண்டிருக்கும், வாசம் மென்மை.

நான் கறுவாவைக் கொதியில போடுறேல்ல. கொஞ்ச வொட்காவில சில நாள் ஊறவிட்டு, நொதிச்சு முடிஞ்ச பீரில 100 மில்லி எடுத்து, சொட்டுச் சொட்டா விட்டுக் குடிச்சுப் பாப்பன். எத்தனை சொட்டில பிடிக்குதோ, அந்தக் கணக்கில முழுப் பீருக்கும் ஊத்துவன். ஏலக்காய்க்கும் இதுதான் நல்ல வழி, அது லேசில மற்றெல்லாத்தையும் மூடிப்போடும்.

ரெண்டு கேள்வி. கோதுமை பீருக்குக் கராம்பு போடலாமோ? போத்தலில அடைக்கேக்க நுரைக்குப் போடுற சீனிக்குப் பதிலா பனங்கட்டி பாவிக்கலாமோ?

ஈஸ்ட்ஹாமிலிருந்து:

தம்பி, சொட்டுக் கணக்கு அருமை, இனி நானும் அப்படித்தான் செய்யப்போகிறேன்.

கோதுமை பீருக்குக் கிராம்பு வாங்கவே வேண்டாம். பவேரியக் கோதுமை பீர் ஈஸ்ட் தானாகவே 4-வினைல்குவாயகால் என்ற பொருளை உண்டாக்கும், அதன் வாசமே கிராம்பு வாசம்தான். அந்த ஈஸ்ட்டை வாங்குங்கள். வாசம் தூக்கலாக வேண்டுமென்றால் சற்றுக் குளிர்ந்த சூட்டில் நொதிக்க விடுங்கள். சூடு ஏறினால் வாழைப்பழ வாசம் முந்திக்கொள்ளும்.

பாட்டிலில் அடைக்கப் பனங்கட்டி வேண்டாம் என்பேன். ஒவ்வொரு கட்டியிலும் ஈரம் ஒவ்வொரு மாதிரி. எடை சரியாக இருந்தாலும் சர்க்கரை எவ்வளவு என்று தெரியாது. மூடிய பாட்டிலுக்குள் அந்தக் கணக்குத் தப்பினால் கண்ணாடி வெடிக்கும். லிட்டருக்கு 6 கிராம் வெள்ளைச் சீனி, அதுவும் ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் ஒரே அளவைக் காட்டிய பிறகு.