போபால் குழந்தையின் படம்: நம்மை உலுக்குவது சட்டகமா, செய்தியா?

இருட்டறை:
1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபால் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் என்ற நச்சு வாயு கசிந்தது. அதில் இறந்து புதைக்கப்பட்ட ஒரு குழந்தையைப் புகைப்படக்காரர் ரகு ராய் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அதே குழந்தையை இன்னொரு புகைப்படக்காரர் பாப்லோ பார்த்தலோமியூ வண்ணத்தில் எடுத்தார். உலகப் பத்திரிகைப் படங்களுக்குப் பரிசளிக்கும் வேர்ல்ட் பிரஸ் போட்டோவின் ஆண்டுச் சிறந்த படம் என்ற விருது அந்த வண்ணப் படத்துக்குத்தான் கிடைத்தது. ஆனாலும் பெரும்பாலோர் மனத்தில் நிற்பது ரகு ராயின் படம் என்பேன். காரணம் அந்தக் கை. மண்ணுக்குள் பாதி போய்விட்ட முகம், திறந்தபடியே வெளுத்த கண்கள், நெற்றியை வருடும் ஒரு பெரியவரின் கை. ஆலை இல்லை, கூட்டம் இல்லை, அழுகிற தாய் இல்லை. கைக்கு உரியவரின் முகம்கூட இல்லை. எதையெல்லாம் வெளியே நிறுத்தினார் என்பதில்தான் படத்தின் உயிர் இருக்கிறது.

தலைப்புச்செய்தி:
இல்லை நண்பரே. "போபால்" என்ற சொல்லை மறைத்துவிட்டுப் பாருங்கள். எந்த ஊரிலும் நடக்கக்கூடிய ஒரு பிள்ளையின் அடக்கம். நாம் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பக்கம் புரட்டியிருப்போம். கண் வெளுத்தது நோயாலா நஞ்சாலா என்று படம் சொல்லவில்லை, செய்தி சொல்கிறது. வயிற்றைப் பிசைவது அந்தச் செய்திதான்.

இருட்டறை:
அந்த வாரம் வந்த எல்லாப் படங்களின் கீழும் போபால் என்றுதானே அச்சடித்திருந்தார்கள்? அவற்றில் எத்தனை உங்களுக்கு நினைவிருக்கின்றன? இன்னொன்றையும் பாருங்கள். 1972இல் வியட்நாமின் டிராங் பாங் சாலையில் நேபாம் என்ற எரிகுண்டில் உடல் வெந்து ஓடிவரும் சிறுமியின் படம். முழுப் படத்தின் வலது ஓரத்தில் ஒரு புகைப்படக்காரர் தன் கேமராவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். பரவலாக அச்சான வடிவத்தில் அவரை வெட்டிவிட்டார்கள். விட்டிருந்தால் போரை மறந்து அவரைத்தான் திட்டிக்கொண்டிருப்போம்.

தலைப்புச்செய்தி:
வெட்டுவது பத்திரிகை மேசை வேலை. கத்தரிக்கோல் செய்தியாளர்கள் பக்கம்தான் இருந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்!

நிலாமுற்றம்:
இருட்டறை ஐயா, எனக்குக் கறுப்பு வெள்ளை மேலேயே சந்தேகம். அது அந்தச் சாவை என்றோ நடந்த காவியத் துயரம்போல ஆக்கிவிடுகிறது. ஆனால் போபாலுக்குத் தேதி இருக்கிறது, கம்பெனிக்கு முகவரி இருக்கிறது. வண்ணப் படத்தில் மண் மண்ணின் நிறத்தில் இருக்கிறது. இது நம் காலத்தில் நடந்தது, பொறுப்பாளி என்று ஒருவன் இருந்தான் என்பது உறைக்கிறது.

இருட்டறை:
உறைக்கலாம். ஆனால் கறுப்பு வெள்ளையில் அந்தக் கண்களின் வெளுப்புக்குப் போட்டியாக எதுவுமே இல்லை. பார்வை அங்கேதான் போய் நிற்கும், தப்ப வழியில்லை.

தலைப்புச்செய்தி:
உறைத்து என்ன ஆனது? கம்பெனித் தலைவர் வாரன் ஆண்டர்சன் கைதாகி அன்றே ஜாமீனில் வந்தார். இந்திய நீதிமன்றத்தின் முன் நிற்காமலே 2014இல் இறந்தார். 1989இல் கம்பெனிக்கும் இந்திய அரசுக்கும் 47 கோடி டாலருக்குச் சமரசம். 2010இல் கம்பெனியின் இந்திய அதிகாரிகளுக்கு இரண்டாண்டுச் சிறை, உடனே ஜாமீன். உலகையே உலுக்கிய படம் என்கிறோம். நீதிமன்றத்தில் ஒரு நாற்காலிகூட ஆடவில்லை. பார்த்தவன் கண்ணீர் விட்டதோடு தன் கடன் தீர்ந்தது என்று நினைத்துக்கொள்கிறான்.

நிலாமுற்றம்:
அதற்குப் படம் என்ன செய்யும்? பாதிக்கப்பட்டவர்களே அந்தக் குழந்தையின் முகத்தை ஊர்வலங்களில் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். மத்தியப் பிரதேச அரசின் கணக்கில் இறந்தவர்கள் 3,787 பேர். அவர்களுக்காகப் போராடும் அமைப்புகள் சொல்வது அதைப்போல் பல மடங்கு. அந்த எண்களைத் தட்டியில் எழுதினால் யார் நின்று பார்ப்பார்கள்? ஆனால் என் உறுத்தல் வேறு. அந்தக் குழந்தை யார் என்று இன்றுவரை தெரியவில்லை. நம் வீட்டுப் பிள்ளையின் உயிரற்ற முகத்தை அட்டையில் போட ஒப்புக்கொள்வோமா? பெயர் தெரியாததால்தானே எல்லாரும் எடுத்துக்கொண்டோம்?

தலைப்புச்செய்தி:
சரியான கேள்வி. நாளை ஒரு குடும்பம் வந்து "எங்கள் பிள்ளை, படத்தை எடுத்துவிடுங்கள்" என்றால், இருட்டறை என்ன சொல்வார்?

இருட்டறை:
எடுத்துவிட வேண்டும் என்பேன், தயங்காமல். ஆனால் அது உரிமை பற்றிய பேச்சு. படம் ஏன் நெஞ்சைப் பிடிக்கிறது என்ற கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. செய்திதான் காரணம் என்றால், அந்தக் கை இல்லாத ஒரு படத்தை வைத்து வாதாடுங்கள், வருகிறேன்.