பெரியப்பா விமானி அல்ல

1971 போரில் பெரியப்பா ஐஎன்எஸ் விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இருந்தார். கடற்படையின் 300ஆவது விமானப் படையணி, ‘வெள்ளைப் புலிகள்’. ஊரே அவரை விமானி என்று நம்பியது. அவரும் மறுத்ததில்லை. உண்மையில், சீ ஹாக் போர் விமானத்தின் வயிற்றுக்கடியில் குனிந்து, அதைக் கப்பல் தளத்திலிருந்து இழுத்து எறியும் ஏவுபொறியின் கம்பி வடத்தை மாட்டிவிட்டு விலகி ஓடுவதுதான் அவர் வேலை. அங்கேதான் இடது காது போனது. அவரிடம் பேச வேண்டுமானால் வலப்பக்கம் போய் உட்கார வேண்டும்.

அவர் இறந்தபின் டிரங்குப் பெட்டியில் பணிப் புத்தகமும் பதினோரு புகைப்படங்களும் கிடைத்தன. படையணிக்கென்று ஓர் இணையத்தளம் அமைக்கலாம் என்று இறங்கினேன். முதல் பக்கத்திலேயே தடுமாற்றம். புத்தகத்தில் ‘ஹன்சா, சூலூர்’ என்றிருந்தது. ஹன்சா என்ற கடற்படை விமானத்தளம் கோவாவில் அல்லவா இருக்கிறது? எழுத்தர் பிழை என்று முடிவு கட்டி, திருத்தியும் எழுதிவிட்டேன். ஹன்சா 1961இல் கோவைக்குப் பக்கத்திலுள்ள சூலூரில்தான் தொடங்கப்பட்டது, 1964இல்தான் கோவாவின் தபோலிமுக்குப் போனது என்பது பிறகுதான் தெரிந்தது. பெரியப்பா அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். நான்தான் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன் போலும்.

அடுத்த அடி தொலைபேசியில் வந்தது. 1971 டிசம்பர் 4 அன்று அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜார், சிட்டகாங் மீதான தாக்குதல்களை விவரிக்கும்போது, ‘விக்ராந்த் முழு வேகத்தில் விரைந்தது’ என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அழைத்தவர் அதே கப்பலின் கொதிகலன் அறையில் இருந்த பெரியவர்.

“தம்பி, முழு வேகமா? நாலு கொதிகலனில் ஒன்று விரிசல் விட்டுக் கிடந்தது. மூன்றை வைத்துக்கொண்டுதான் போருக்கே போனோம்.”

பிறகு பாடம் நடத்தினார். விமானம் மேலெழ எதிர்க்காற்று வேண்டும். காற்று இல்லாவிட்டால் கப்பல் ஓடித்தான் அதை உண்டாக்க வேண்டும். ஓடவும் நீராவி, ஏவுபொறிக்கும் நீராவி. இரண்டும் அதே கொதிகலன்களிலிருந்து. “உங்கள் பெரியப்பா வடத்தை மாட்டினார், சரி. இழுத்துவிட்டது யார்?” என்று கேட்டாரே பார்க்கலாம்! ஒரு மணி நேரம் பேசினோம். வரியை அன்றிரவே மாற்றினேன்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததுண்டா? பதில் எழுதுங்கள்.

*

என் சித்தப்பா அதே விக்ராந்தில், 310ஆவது படையணி. அலிசே விமானங்கள், மூவர் அமர்ந்து போவது, மூக்கில் சுழலி. சீ ஹாக்கைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறீர்கள். இரவில் போய்க் குண்டு போட்டது இவைதான். நவம்பரில் சித்தப்பா எழுதிய கடிதத்தில் “நலம், மழை இல்லை” என்பதைத் தவிர ஒன்றுமில்லை. கப்பல் அந்தமான் பக்கம் மறைந்து நின்றது போர் முடிந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரியும். பாட்டி அந்த ‘மழை இல்லை’யை வைத்தே அவர் பம்பாயில் இருப்பதாகக் கணக்குப் போட்டு, அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

*

ஒரு யோசனை. புகைப்படங்களைப் போடும்போது பின்பக்கத்தையும் படமெடுத்துப் போடுங்கள். என் மாமாவின் படத்தில் முன்னால் இருந்தது எட்டு தலைகள். பின்னால் பென்சிலில் எட்டு பட்டப்பெயர்கள். ‘பூனை’ யார் என்று கேட்டிருந்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு பெண் எழுதினார்: “பூனை என் அப்பா.”

*

பெரியப்பாவின் படங்களில் பின்பக்கத்தை நான் பார்க்கவே இல்லை. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பத்தில் ஒன்றுமில்லை. பதினோராவதில் விமானம் புறப்படுகிறது. இறக்கைக்குக் கீழே குனிந்த ஓர் உருவம், முகம் தெரியவில்லை. இதுவரை ‘ஏவுதளத்தில் பெரியப்பா’ என்று தலைப்பிட்டிருந்தேன். பின்னால் அவர் கையெழுத்தில் இருக்கிறது: ‘நான் எடுத்தது.’

அப்படியானால் குனிந்திருப்பவர் யார்? கொதிகலன் அறைப் பெரியவரை நாளைக் காலை அழைக்கிறேன்.