பேரப்பிள்ளைகள் குழு: மார்வெல் வெர்சஸ் காப்காம் 2

அருண்: செந்தில் அண்ணா, மார்வெல் வெர்சஸ் காப்காம் 2 சண்டை வீடியோ கேம் வாங்கிவிட்டேன். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில், ஏழு ஆட்டங்கள் சேர்ந்த தொகுப்பு.

செந்தில் அண்ணன்: அடடே! 2024 செப்டம்பரில் வந்த அன்றே நானும் வாங்கினேன். அதற்கு முன், 2013 கடைசியில் உரிமம் முடிந்து இந்த ஆட்டத்தை ஆன்லைன் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். ரசிகர்கள் கேட்டுக் கேட்டுத்தான் திரும்பி வந்தது.

கவிதா அக்கா: யாருக்கும் யாருக்கும் சண்டை?

செந்தில் அண்ணன்: மார்வெல் காமிக்ஸின் ஸ்பைடர்மேன் கூட்டம் 28 பேர், ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆட்டத்து ரியூ, சுன்லீ எல்லாம் சேர்த்துக் காப்காம் கேம் கம்பெனியின் கூட்டம் 28 பேர். மூன்று பேரைப் பொறுக்கி அணி கட்ட வேண்டும் அக்கா. ஒருவர் அடித்துக்கொண்டிருக்கும்போதே பட்டனைத் தட்டினால், இன்னொருவர் குதித்து வந்து ஒரு அடி கொடுத்துவிட்டுப் போவார்.

அருண்: ஆனால் ஆன்லைனில் எல்லோரும் மேக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல்தான் எடுக்கிறார்கள். என் ரியூவைக் கால் ஊன்றவே விடவில்லை. சமநிலையே இல்லை அண்ணா.

செந்தில் அண்ணன்: அந்தக் குறை அன்றைக்கே சொன்னதுதான், உண்மையும்கூட. ஆனால் 2000-ல் வந்த ஆட்டம், பிறகு யாரும் திருத்தவில்லை. அதனால் ஆடுபவர்களே வருடக்கணக்கில் உட்கார்ந்து, செய்தவர்களே நினைக்காத அடிகளைக் கண்டுபிடித்தார்கள். எனக்கு இது பிடித்ததே அதனால்தான்.

செந்தில் அண்ணன்: நியூயார்க்கில் படித்தபோது மாட் தெருவில் சைனாடவுன் ஃபேர் என்ற வீடியோ கேம் கூடத்துக்குப் போவேன். குறுகலான இடம். திரைக்குக் கீழே வரிசையாகக் காசு வைத்திருக்கும், ஒவ்வொரு காசும் ஒருவருடைய முறை. தோற்றவர் எழுந்துகொள்ள வேண்டும். ஈவோ என்ற சண்டை கேம் போட்டியின் பட்டத்தைப் பல முறை வென்ற ஜஸ்டின் வாங் வளர்ந்த இடம் அது. 2011-ல் மூடியபோது மனசு கஷ்டமாக இருந்தது.

கவிதா அக்கா: என் பையன் இந்த ஆட்டத்தின் பாட்டைப் போட்டுக் காட்டினான். சண்டைக்கு ஜாஸ் இசையா?

செந்தில் அண்ணன்: வந்த புதிதில் நிறைய பேர் அதைத்தான் திட்டினார்கள் அக்கா. இப்போது ஆள் தேர்வு செய்யும் திரையில் அந்தப் பெண் குரல் கேட்டாலே எனக்குக் கை பரபரக்கிறது.

அருண்: நீங்கள் அமெரிக்காவிலிருந்து ஆடினால் தாமதமாகாதா?

செந்தில் அண்ணன்: இதில் ரோல்பேக் என்ற வசதி இருக்கிறது. நான் அடுத்து என்ன அழுத்துவேன் என்று உன் கணினி ஊகித்து ஓடும், தப்பினால் சில பிரேம், அதாவது கண்ணிமைக்கும் நேரம், பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். இவ்வளவு தூரத்துக்குக் கொஞ்சம் தடுக்கும், ஆனாலும் ஆடலாம்.

செந்தில் அண்ணன்: ரியூவை விடாதே. உதவிக்குக் கேப்டன் கமாண்டோவை வை. யாராவது மேலிருந்து பாய்ந்தால் கூப்பிடு, மின்னல் தூண் மாதிரி உச்சி வரை எழும்பும்.

அருண்: சரி அண்ணா. ஞாயிறு காலை எட்டு மணிக்கு?

செந்தில் அண்ணன்: எனக்குச் சனி இரவு பத்தரை. வருகிறேன்.

கவிதா அக்கா: என் பையனும் பார்க்க வேண்டுமாம். வீடியோ கால் போடுங்கள்.